பதினான்காவது வரி, முப்பத்து மூன்றாவது கட்டம்

கனகராஜின் சாவுக்கு ஒரு முகவரி உண்டு. பதினான்காவது வரி, முப்பத்து மூன்றாவது கட்டம்.

அதைக் கோர்ட்டில் சொன்னதே கம்பெனி வக்கீல்தான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"இறந்தவருக்கு எச்சரிக்கை காட்டப்பட்டிருக்கிறது. 'லென்ஸ் இருளும், நில்' என்று, பத்து வினாடி முன்னதாகவே. பதினான்காவது வரி, முப்பத்து மூன்றாவது கட்டத்தில் ஆரம்பித்து. அவர் பார்க்கவில்லை என்றால் அதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?"

கருமணி லென்ஸைக் கண்ணுக்குள் வைப்பது கண்புரை ஆபரேஷன் மாதிரிதான். கால் மணி நேர வேலை. வெயிலில் தானாகக் கறுக்கும், நிழலில் தெளியும். அதோடு வலது கண்ணில் பச்சை எழுத்துகள் மிதக்கும். கையில் ஸ்பேனரோடு நிற்பவன் அடுத்து எந்த நட்டைக் கழற்ற வேண்டும் என்று கண்ணுக்குள்ளேயே படித்துக்கொள்ளலாம். பாதித் தமிழ்நாடு வைத்திருந்தது.

கனகராஜ் பல்லடம் பக்கத்தில் காற்றாலை மெக்கானிக். கோபுரத்துக்குள் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, சூடு தாங்காமல் லென்ஸ் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. அணைந்து எழ ஆறு வினாடி. அதுவரை இரண்டு கண்ணும் கும்மிருட்டு. இடுப்புப் பெல்ட்டின் கொக்கியை ஒரு படியிலிருந்து கழற்றி அடுத்த படிக்கு மாற்றுகிற நேரம் அது. படி இருந்த இடத்தில் கை காற்றைப் பிடித்தது.

நீதிபதி தீர்ப்பை இரண்டு நிமிடத்தில் வாசித்தார். கண்ணில் காட்டப்பட்ட எதுவும் படிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். வழக்கு தள்ளுபடி.

வராந்தாவில் கம்பெனி முதலாளி மருதாசலம் எதிரே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கனகராஜின் மனைவி வசந்தாமணியைப் பார்த்து நின்றார். அனுதாபமாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

"என்ன பண்றது அம்மிணி. நாங்க கண்ணுக்குள்ளயே காட்டியாச்சு. அதுக்கு மேல எங்க போயிக் காட்டறது?"

வசந்தாமணி அவரைத் தாண்டி நடந்தாள். அந்த வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

*

அல்போன்ஸ், கனகராஜோடு ஐடிஐ படித்தவன். மாநாடு, கண்காட்சி, கல்லூரி விழா என்று மேடையேறுகிறவர்களின் கண்ணில் பேச்சை வரி வரியாக ஓடவிடுவது அவன் தொழில். மிச்ச நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் பைத்தியம். சிங்காநல்லூரில் அவன் வீட்டு முன்னறையில், கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே டப்பாவாக இருக்கும் ஒரு மிஷின், தொப்பை வைத்த டிவியோடு இணைந்திருந்தது.

"இது எங்கப்பாரு பொறக்கறப்ப வந்த மிஷினுங் அக்கா. கருமணிக்குள்ள இருக்கறதும் கிட்டத்தட்ட இதேதான்."

"வெளையாடறயா? அத்தன ரூவா வாங்கிட்டு?"

"உள்ள இருக்கற சில்லு எள்ளு சைஸுங்க. பெரிய புரோகிராம் போட்டா கண்ணு வெந்துரும். அதனால பேசிக்குங்கற பழைய கம்ப்யூட்டர் பாஷையையே உள்ள வெச்சுட்டாங்க. இருபத்தஞ்சு வரி, வரிக்கு நாப்பது கட்டம். 'லொகேட்'டுன்னு போட்டு வரி நம்பர், கட்டம் நம்பர் குடுத்தா எழுத்து கரெக்டா அங்க போய் உக்காரும். பாருங்க."

தட்டினான். நீலத் திரையின் நடுவே ஒரு கூட்டல் குறி வந்தது. வலது பக்கம் தள்ளி, கொஞ்சமே கொஞ்சம் கீழே, ஒரு நட்சத்திரம்.

"எடது கண்ணப் பொத்திக்கங்க. லென்ஸுல எழுத்து வலது கண்ணுக்கு மட்டுந்தான். கூட்டல் குறியவே பாத்துக்கிட்டு மொகத்தக் கிட்டக் கொண்டு வாங்க. மெதுவா. நட்சத்திரம் தெரியுதுங்களா?"

"தெரியுது... தெரியுது..." வசந்தாமணி நின்றாள். "ஏன் அழிச்ச?"

"என் கையப் பாருங்க."

அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தான். அவள் மறுபடி கூட்டல் குறியைப் பார்த்தாள். நட்சத்திரம் இருந்த இடத்தில் நீலம் மட்டும். ஓட்டைகூட இல்லை. வழித்து மெழுகிவிட்ட மாதிரி நீலம்.

"எல்லாரு கண்ணுலயும் ஒரு ஓட்டை இருக்குதுங்க அக்கா. நரம்பு மூளைக்குப் போற எடம். அங்க விழுந்தது எதுவும் தெரியாது. மூளை பக்கத்துக் கலரப் பூசி மறைச்சிரும். பொறந்ததுல இருந்து அப்படித்தான், நமக்குத் தெரியறதேயில்ல. டிவின்னா கண்ணத் திருப்பிப் பாத்துக்கலாம். லென்ஸு கண்ணு கூடவே திரும்புது. எந்தப் பக்கம் பாத்தாலும் அந்த ஓட்டைக்குள்ள வெச்ச எழுத்து அந்த ஓட்டைக்குள்ளயேதான்."

"அது எந்த எடம்?"

அவன் திரையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தட்டினான். லொகேட் 14, 33.

அவள் அந்த எண்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியாம வெச்சிருப்பாங்களா?"

"லென்ஸ் வெக்கறப்ப ஒரு புள்ளியக் காட்டி, தெரியுதா தெரியுதான்னு கேப்பாங்க, கனகராஜ் மாப்ள சொல்லியிருக்கான். ஓட்டை எங்க இருக்குதுன்னு அளவெடுத்து, எல்லாருக்கும் இதே கட்டம் அங்க விழற மாதிரி வெக்கறதுங்க அது." அவன் குரலைத் தாழ்த்தினான். "கம்பெனில வேலைய உட்டுட்டு வந்த ஒருத்தரு எங்கிட்டச் சொன்னாரு. எச்சரிக்கை அடிக்கடி வந்தா ஜனம் பயப்படுது, யாவாரம் படுத்துருதுன்னு சேல்ஸ்காரங்க. எச்சரிக்கை இல்லாட்டிக் கேஸு ஆகும்னு வக்கீலுங்க. ரெண்டு கூட்டமும் சண்டை. முதலாளி ஒரே வார்த்தைல முடிச்சு உட்டாராம். 'காட்டுங்க. தெரிய வேண்டாம்.'"

"இத அந்த வேலைய உட்டவரு கோர்ட்ல வந்து சொல்லுவாரா?"

"சத்தியமா மாட்டாருங்க."

வசந்தாமணி கல்யாணப் பத்திரிகைகளுக்கு டிடிபி செய்பவள். டவுன்ஹால் பக்கம் சந்துக்குள் கடை.

"மாப்பிள்ளை பேரு ஒரு நூலு தள்ளி நின்னா சண்டைக்கு வந்துருவாங்க அல்போன்ஸு. தெரியற மாதிரி எழுத்து வெக்கறதுக்குத்தான் நான் கூலி வாங்கறேன். தெரியாத மாதிரி வெக்கறதுக்கும் ஒருத்தன் சம்பளம் வாங்கியிருக்கான் பாரு."

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரி, ஒவ்வொரு கட்டமாகத் தானே தட்டிப் பார்த்தாள். கைக்குப் பழகிய வேலைதான். திரையின் கோடிக்குப் போனபோது அல்போன்ஸ் தடுத்தான்.

"அந்தக் கடைசிக் கட்டத்துல மட்டும் எதையும் வெச்சராதீங்க. இருபத்தஞ்சாவது வரி, நாப்பதாவது கட்டம்."

"வெச்சா?"

"அடுத்த எழுத்துக்கு எடமில்லாமப் போயி, மொத்தத் திரையும் ஒரு வரி மேல ஏறிக்கும். அந்தக் காலத்துல இருந்து எல்லாரும் பண்ற தப்பு இது. கருமணிலயும் இன்னும் அப்படியேதான் கெடக்குது."

அவள் அங்கே ஒரு புள்ளி வைத்தாள். திரை ஒரு வரி எகிறியது. இன்னொரு புள்ளி. இன்னொன்று. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, திரைக்கு நடுவிலேயே பார்வையை நிறுத்தி, தடவித் தடவிப் புள்ளி வைத்தாள். ஒளிந்திருந்த நட்சத்திரம் ஓட்டையை விட்டு மேலே எட்டிப் பார்த்தது.

அவள் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். அல்போன்ஸுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"உன்ற ஆளுங்கதான கருமணி டீலர் மாநாட்டுக்குப் பேச்சு ஓட்டறது?" என்றாள்.

*

அவிநாசி ரோட்டுக் கண்காட்சி அரங்கம். காலை பதினொரு மணி. ஆயிரம் டீலர்கள், ஆயிரம் ஜோடிக் கருமணி.

மேடையைக் கண் வடிவத்தில் போட்டிருந்தார்கள். கண்மணி இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு தளம். அங்கே நின்று மருதாசலம் பேசுவார். பேசி முடித்ததும் மேளம் முழங்க, விளக்குப் பதித்த கண்ணாடிப் படிக்கட்டில் இறங்கி வருவார். ஒற்றைப் பனைமரம் அளவுக்கு உயரம். அழகு கெடும் என்று ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி.

மேடைக்கு எதிரே, பேச்சை ஓட்டுவதற்காகக் கறுப்புத் துணி கட்டிய கூண்டில் வசந்தாமணியும் அல்போன்ஸும். அவளுக்கும் 'குழு' என்று அச்சடித்த கறுப்புச் சட்டை.

"இன்னொருக்காச் சொல்லிருங்க அக்கா," என்றான் அல்போன்ஸ். "என்ன பண்றோம்?"

"பக்கம் திருப்ப அவரு ரெண்டு வாட்டி அழுத்திச் சிமிட்டுவாரு. கருமணிக்குச் சம்மதம் சொல்றதும் அதே ரெண்டு சிமிட்டலு. எல்லாத்துக்கும் ஒரே சிமிட்டல்னு ஊரெல்லாம் போர்டு வெச்சிருக்காங்களே. கடைசிக்கு முந்தின பக்கத்துல, ஓட்டைக்குள்ள ஒரு கேள்வி வெக்கறேன். 'லென்ஸை அணைத்து எழுப்பலாமா?' பக்கம் திருப்பறதா நெனச்சு அவரு சரின்னுருவாரு."

"அவரு மைக்கு முன்னாடி நிக்கறப்பவே பட்டனத் தட்டறோம். ஆறு செகண்டு முழிப்பாரு. ஆயிரம் பேரு பாப்பாங்க. அவ்வளவுதான்?"

"கேஸு போட்டா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"கண்ணுல காட்டுனது படிச்ச மாதிரின்னு அவரு வாங்குன தீர்ப்பே இருக்குது."

"அப்பறம் என்ன," என்றாள் வசந்தாமணி. அவ்வளவுதானா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை என்பதை அல்போன்ஸ் பிறகுதான் நினைத்துப் பார்த்தான்.

மருதாசலம் நன்றாகப் பேசினார். குருடர்கள் இல்லாத உலகம் என்றார். உழைப்பாளியின் கண்ணில் அறிவை ஏற்றினோம் என்றார். அவர் பார்க்கிற பச்சை எழுத்தெல்லாம் அவள் விரலிலிருந்து போனது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவள் தட்டினாள். லொகேட் 14, 33.

அவர் இரண்டு முறை அழுத்திச் சிமிட்டினார்.

கூண்டுக்குள் ஒரு சின்ன விளக்கு பச்சையாக மாறியது. சம்மதம்.

"இப்பத் தட்டுங்க," என்றான் அல்போன்ஸ்.

அவள் தட்டவில்லை.

மருதாசலம் கடைசிப் பக்கத்தைப் படித்தார். நன்றி சொன்னார். கும்பிட்டார். அரங்கம் கைதட்டியது.

"அக்கா, தட்டுங்க. முடிச்சுட்டாரு."

மேளம் ஆரம்பித்தது. மருதாசலம் மைக்கை விட்டுப் படிக்கட்டை நோக்கித் திரும்பினார். சட்டையில் குத்திய சின்ன மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அவர் மூச்சு வாங்குவது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அல்போன்ஸுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாங்க அக்கா. படிக்குப் போறாரு. அங்கிருந்து விழுந்தா மண்டை செதறிரும். அக்கா, என்னையப் பாருங்க. நானும் உள்ள போயிருவேன்."

"கைய எடு," என்றாள் வசந்தாமணி. அவள் கண் மேடையிலேயே இருந்தது. "கொக்கியக் கழட்டற நேரம் வரட்டும்."

அவர் படியின் விளிம்புக்கு வர இன்னும் சில எட்டுகள். அவள் பட்டனைத் தட்டினாள். பத்து வினாடி ஓட ஆரம்பித்தது. பத்தும் முடிந்தால் இருட்டு. மருதாசலத்தின் வலது கண்ணில், ஓட்டைக்குள், கம்பெனியே எழுதி வைத்த வார்த்தை தானாக வந்து உட்கார்ந்தது. லென்ஸ் இருளும், நில்.

அவர் சிரித்துக்கொண்டே நடந்தார். கூட்டத்தை நோக்கிக் கையசைத்தார். ஒரு கால் படியின் விளிம்புக்கு வந்தது.

வசந்தாமணி விரலை எடுத்து, திரையின் கோடிக்குப் போனாள். இருபத்தைந்தாவது வரி, நாற்பதாவது கட்டம். ஒரு புள்ளி வைத்தாள்.

மருதாசலத்தின் திரை ஒரு வரி மேலே ஏறியது. 'நன்றி' என்ற தலைப்பு கூரையைத் தாண்டிக் காணாமல் போனது. அவர் கவனிக்கவில்லை.

இன்னொரு புள்ளி. இன்னொன்று.

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கோணியது. கண்ணோரத்தில் ஏதோ முளைக்கிறது. இல்லாத இடத்திலிருந்து பாதி எழுத்து, பிறகு முழு எழுத்து.

இன்னொன்று.

அவர் படித்தார். எழுத வைத்தவர் அவர்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கண்ணால் படிப்பது அன்றுதான் முதல் முறை. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கை கைப்பிடியை எட்டிப் பிடித்தது. பிடித்த அதே நொடியில் இருண்டது.

"ஐயோ," என்றார் மருதாசலம். மெதுவாகத்தான். மைக் அதை ஆயிரம் பேர் காதிலும் போட்டது. "லைட்ட ஏண்டா அணைச்சீங்க? டேய், லைட்டப் போடுங்கடா. கண்ணு தெரியல. லென்ஸு... லென்ஸு அணைஞ்சிருச்சு. யாராச்சும் வந்து புடிங்கடா."

விளக்கெல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி முதலாளி, தன் கம்பெனி படிக்கட்டின் உச்சியில், கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தார். ஆயிரம் டீலர்களில் பாதிப்பேர், தங்களுக்கே தெரியாமல், தங்கள் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

அரை மணி நேரம் கழித்து அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். மருதாசலம் சோபாவில் இருந்தார். விபூதி வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. பக்கத்தில் அதே வக்கீல்.

"நீயா அம்மிணி," என்றார் மருதாசலம். "என்னையக் கொல்லப் பாத்தியா? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. அனுமதி கேட்டேன், ரெண்டு வாட்டி சிமிட்டுனீங்க. உங்க கண்ணுக்குள்ளயே காட்டியாச்சு. அதுக்கு மேல எங்க போயிக் காட்டறதுங்க?"

மருதாசலம் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் விரல் நகத்தைப் பார்த்தார். அவர் வாங்கிக்கொடுத்த தீர்ப்பு அது.

"அப்பறம் ஏன் மேல ஏத்திக் காட்டுன? உட்டிருந்தா விழுந்திருப்பேனே. அதுதான உனக்கு வேணும்?"

"எங்க ஊட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே வார்த்தை, ஒரே ஆறு செகண்டு. அவரு விழுந்தாரு, நீங்க நின்னுட்டீங்க. ஏன் நின்னீங்கன்னு அப்பீல்ல கேப்பாங்க. எழுத்து தெரிஞ்சுது, அதனால நின்னேன்னு நீங்க சொல்லணும். ஆயிரம் பேரு பாத்திருக்காங்க, வேற மாதிரி சொல்ல முடியாது. அதுக்கு உங்க உசுரு எனக்கு வேணுங்க."

அவள் கிளம்பினாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"இன்னொன்னு. அந்த எடத்துல புதுசா ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். அது ஒரு கேள்வி. எந்த நேரம் வரும், என்ன கேக்கும்னு சொல்ல மாட்டேன். பாத்துச் சிமிட்டுங்க."

"எங்க எஞ்சினியருங்களை வெச்சு எடுத்துருவேன்."

"பாக்கச் சொல்லுங்க. ஒண்ணுமே இல்லைன்னுதான் சொல்லுவாங்க. நம்புவீங்களா? தெரியாம வெக்கத் தெரிஞ்ச ஆளுங்களாச்சே அவங்க."

"ஆபரேஷன் பண்ணி லென்ஸையே எடுத்துருவேன்."

"எடுங்க. கருமணி முதலாளி கண்ணுலயே கருமணி இல்லைன்னு டீலருங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

மருதாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் உறுத்தியது போலிருக்கிறது. சிமிட்டப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வண்டி நிறுத்தத்தில் அல்போன்ஸ் சாவியோடு காத்திருந்தான். "என்னக்கா எழுதி வெச்சீங்க? எங்கிட்டயாச்சும் சொல்லுங்க."

"நீயும் நம்பிட்டயா?" என்றாள் வசந்தாமணி. "ஒரு எழுத்துகூட வெக்கல. வண்டிய எடு."

*

கருமணி கம்பெனி, வாடிக்கையாளர் நலன் கருதி, எச்சரிக்கை எழுத்தை நட்ட நடுவுக்கு மாற்றியதாக அறிவித்தது. அப்போதுதான் அது ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது என்று ஜனங்களுக்குத் தெரிந்தது. டாக்டர்களிடம் கழற்ற வந்த கூட்டம், வைக்க வந்த கூட்டத்தைத் தாண்டியது. வசந்தாமணி அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, ஒரு பத்திரிகைக்குப் பெண் வீட்டார் பெயரை நடுவாக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பீலில் மருதாசலம் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஆள் பாதியாகியிருந்தார். இரண்டு கண்ணும் கோவைப்பழம் மாதிரி சிவந்து, நீர் வடிந்துகொண்டேயிருந்தது. கையில் மருந்துச் சீசா. எச்சரிக்கை தெரிந்ததால்தான் நின்றேன் என்றார். முதலில் இருந்த இடத்தில் தெரியவில்லை என்றார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்விக்கு, நான்தான் என்றார்.

"கண்ணில் ஏதாவது கோளாறா?" என்று நீதிபதி கேட்டார். "வந்ததிலிருந்து இமைக்கவே மாட்டேன் என்கிறீர்களே."

மருதாசலம் கூட்டத்தில் வசந்தாமணியைத் தேடினார். இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். எழுதினதை அழித்துவிடு என்று அந்தச் சிவந்த கண்கள் கெஞ்சின.

அவள் அவரை நேராகப் பார்த்து, நிதானமாக, அழுத்தி, இரண்டு முறை சிமிட்டினாள்.